சீட் கவருக்கு அடியில் இருந்தது

பிரபு,

'அன்புள்ள' என்று எழுதி இந்தக் கடிதத்தைத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. அன்பு எங்கும் போய்விடவில்லை, ஆனால் கோபம் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. நேற்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் "அம்மா, கஸ்டமர் இருக்காங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாளை காலை உன் தங்கை வித்யா கிருஷ்ணகிரிக்குக் கல்லூரிக்கு வரும்போது இதை உன் ஷோரூம் வாசலில் வைத்து உன் கையிலேயே கொடுப்பாள். உறையை ஒட்டவில்லை, அவளும் படித்துவிட்டுத்தான் தருவாள். இதில் இருப்பது அவளுடைய கதையும்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதையே எங்கள் ஃபேக்டரி கேண்டீன் பலகையில், மாதாமாதம் கட்டுரையும் கவிதையும் ஒட்டுவார்களே, அங்கே ஒட்டப் போகிறேன். உன்னை அவமானப்படுத்துவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சொல்வதைச் சொல்லிக் கார் விற்பவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. நான் செய்ததைச் செய்த தாயும் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ சாப்பிட வந்தாய். டீம் லீடர் ஆகிவிட்டேன், எனக்குக் கீழே நாலு பேர் என்று சொன்னாய். அப்பா உனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "மஞ்சுளா அக்கா கேஸ முடிச்சிட்டேம்மா. வெள்ளிக்கிழமை டெலிவரி. யார்டுல பழைய மாடல் ஒண்ணு நிக்குது, ரெண்டு ஏர்பேக்கு எல்லாம் இருக்கு, ஆனா மூஞ்சி பழசு, எவன் வாங்குவான்? அதப் பத்தி வாயத் தெறக்கல. புது மாடல்லயே புக் பண்ண வெச்சிட்டேன்." வித்யா, "அவங்க ஒண்ணுமே கேக்கலையா?" என்றாள். "கேட்டாங்க. பின்னாடி பசங்க உக்காருவாங்க, பெல்ட் இருக்கான்னாங்க. இருக்கு அக்கா, ஆனா யார் போடறா, சீட் கவர் ஃப்ரீயா தச்சுத் தர்றேன், பெல்ட்டெல்லாம் அடியில போயிடும், பசங்களுக்குக் குத்தாதுன்னேன். ரொம்ப சந்தோசம்டா பிரபுன்னாங்க."

நீ இதைச் சொன்னபோது வித்யா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினாள். நீ கவனிக்கவில்லை. "என்னடி டயட்டா?" என்று கிண்டல் செய்தாய். அவளும் விடாமல், "ஆமா, ஒரு கண்ணுல பாத்தா சோறு பாதியாத்தான் தெரியுது, அதான் பாதி போதும்" என்றாள். நீ சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். 'குத்தாது' என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த வார்த்தை என்னுடையது. எங்கிருந்து அது உனக்கு வந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

அதற்கு முன்னால் மஞ்சுளாவைப் பற்றி. அவள் உனக்கு ஒரு கேஸ். எனக்குப் பதினோரு வருடமாகப் பக்கத்து ஸ்டூல். தரப் பரிசோதனை மேசையில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். அவள் வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், சூப்பர்வைசரோடு கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். வித்யா பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் தினமும் ஷிப்ட் முடித்து பஸ் ஏறி வந்தவள் அவள். நீ கல்லூரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கு ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. அவள் கார் வாங்கப் போகிறேன் என்றபோது நான்தான் சொன்னேன், "என் பையன்கிட்ட போ. உன்ன ஏமாத்த மாட்டான்" என்று. "தெரியும் அக்கா, நம்ம பிரபு இல்லியா" என்றாள்.

எங்கள் மேசைக்கு என்ன வருகிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சீட் பெல்ட்டைக் காரின் உடம்போடு பிடித்துவைக்கும் இரும்புப் பட்டைகள் வருகின்றன. உள்ளங்கை அளவு இருக்கும். துளை சரியாக இருக்கிறதா, மடிப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்போம். சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டுவோம். நீ விற்கும் அதே சின்ன காருக்குத்தான் இவை போகின்றன. ஷோரூமில் உனக்குப் புது மாடல் என்றால் புது முகப்பு விளக்கு, புது கிரில், இரண்டு நிற டாஷ்போர்டு. எங்களுக்கு அப்படி எதுவும் தெரியாது. வரைபடத்தின் மூலையில் ஓர் எழுத்து மாறும், அவ்வளவுதான். பி போய் சி வரும், சி போய் டி வரும். எழுத்து மாறினால் என்ன மாறியிருக்கிறது என்று நாங்கள் அளந்து பார்த்தாக வேண்டும். அதனால் அந்தக் காரின் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை, எலும்பைப் பார்த்திருக்கிறோம்.

முதல் வருட மாடலில் நடுத்தர வேரியன்ட்டிலேயே பாதுகாப்பு பேக் கிடைத்தது. வேண்டுமென்றால் கூடப் பணம் கட்டி, ஏர்பேக்கும் அதோடு சேர்ந்தவையும் ஒரே தொகுப்பாக வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாற்றத்தில் கதவில் ஸ்டிக்கரும் பவர் விண்டோவும் வந்தன, பாதுகாப்பு பேக் மேலே ஏறி, விலை கூடிய வேரியன்ட்டுக்கு மட்டும் என்றானது. உங்கள் யார்டில் நிற்பது அதுதான். இந்த வருடம் கண்ணைப் பறிக்கும் விளக்கு வந்தது. பேக்கே போய்விட்டது. எங்கள் மேசையில் டி வரைபடம் வந்தபோது முன் சீட் பட்டையில் ஒரு துளை குறைந்திருந்தது. மோதும் நொடியில் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து ஆளைச் சீட்டோடு பிடிக்கும் ஒரு சிறு கருவியை மாட்டும் துளை அது. வெளிநாட்டுக்குப் போகும் காரின் பட்டையில் அந்தத் துளை இன்றும் இருக்கிறது. அவை நீலப் பெட்டியில் போகும், நம் ஊருக்கானவை மஞ்சள் பெட்டியில் போகும். ஒரே கார், ஒரே மேசை, ஒரே பச்சைப் புள்ளி. உன் கையேட்டில் இந்த மாடலுக்கு மேல் 'மேம்படுத்தப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள், பார்த்தேன்.

அந்தக் கார் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்த எஞ்சினியரிடம் நான் கேட்டேன், "ஏன் சார், ஒரு ஓட்டை போயிடுச்சு?" என்று. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. "எக்ஸ்போர்ட்டுக்கு இருக்கே மேடம். இங்க யார் பெல்ட் போடறாங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் பிரபு. வித்யாவுக்கு அப்படி ஆகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அந்த மேசைக்கு முன்னால் நின்று நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீயும் அதையேதான் சொன்னாய், யார் போடறா என்று. நீயே அத்திப்பள்ளி நெருங்கும்போதுதான் பெல்ட்டை இழுப்பாய், கர்நாடகா போலீஸ் நிற்பான் என்று. திரும்பி நம் எல்லைக்குள் வந்ததும் கழற்றிவிடுவாய். மாநிலம் மாறினால் மண்டை ஓடு கெட்டியாகிவிடும் போல.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நாம் அந்தக் காரை வாங்கியது 2004இல். நீ கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். சாப்பாட்டு மேசையில் கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு நாலு பேரும் பேசினோம். பாதுகாப்பு பேக்கா, ஏசியும் சிடி பிளேயருமா? இரண்டில் ஒன்றுதான் நம்மால் முடியும். நீ பேனாவை எடுத்து சிடி பிளேயரைச் சுற்றி வட்டம் போட்டாய். அப்பா என்னைப் பார்த்து, "ஃபேக்டரியில நீதான பாக்குற, நீ சொல்லு" என்றார். நான் ஏசி என்றேன். உன்னை அதற்காக இன்று குற்றம் சொல்லவில்லை, உனக்கு அப்போது இருபது வயது. எனக்கு நாற்பத்தொன்று. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். வண்டி நின்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று பரீட்சையில் படம் வரைந்து எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

ஏர்பேக் இருந்திருந்தாலும் வித்யாவுக்கு உதவியிருக்காது. அவள் பின்னால் இருந்தாள். அளந்து பேசுவது என் வேலை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு உதவியிருக்கக்கூடியது வேறு. அது ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல் அந்தக் காரிலேயே வந்திருந்தது. கார் வந்த மறுவாரம் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் சீட் கவர் தைக்கக் கொடுத்தோம். அப்பா எதிரே டீ குடிக்கப் போயிருந்தார். நீ கோயம்புத்தூர் போய்விட்டாய். பின் சீட்டுக்குக் கவரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்த தையல்காரர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார், "அக்கா, பின்னாடி பெல்ட்டுக்கு ஓட்டை வெட்டணுமா, அப்படியே உள்ள விட்டுரட்டுமா? வெட்டுனா தையலு கொஞ்சம் அசிங்கமாத் தெரியும்." நான் யோசிக்கக்கூட இல்லை. "உள்ளயே விட்டுருங்க. உக்காந்தா குத்தும்" என்றேன். இழுத்துத் தைத்தார். பழுப்பு நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, ஒரு சுருக்கம் இல்லை. அன்று முழுதும் நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

அன்று காலைதான் மேசையில் நானூறு பட்டைக்குப் பச்சைப் புள்ளி வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு பட்டையில் மயிரிழை விரிசல் என்று சிவப்பு அட்டை கட்டி லாரியையே நிறுத்திவைத்தவள் நான். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. சிவப்பு அட்டை கட்டிய பெட்டியை மேனேஜர்கூடத் தொடக்கூடாது. கட்டியவள் காரணம் எழுதி, குறை தீர்ந்தது என்று தானே கழற்றினால்தான் அது நகரும். மேனேஜர் கத்தினார், "லைன் நிக்குதும்மா!" என்று. நிற்கட்டும் சார் என்றேன். மஞ்சுளா மேசைக்கு அடியில் என் காலை மிதித்துச் சிரித்தாள். இவ்வளவு வீரம் ஃபேக்டரி கேட்டுக்கு உள்ளே. வெளியே வந்து பாகலூர் ரோட்டில், அந்தப் பட்டை பிடித்துவைத்திருக்கிற பெல்ட்டையே நானே மூடித் தைக்கச் சொன்னேன்.

விபத்தை நீ கேட்டிருக்கிறாய். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம், காலை முகூர்த்தம் முடித்து மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். சூளகிரி தாண்டி, ரோடு அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது, அப்பா பிரேக் போட்டார், வண்டி நிற்கவில்லை. இது வரைக்கும் உனக்குத் தெரியும். நான் சொல்லாததை இப்போது கேள். கிருஷ்ணகிரியில் வண்டி ஏறும்போது வித்யா பின் சீட்டில் கையை விட்டுத் துழாவினாள். பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து சாலைப் பாதுகாப்பு என்று பேசியிருக்கிறார்கள். "அம்மா, பெல்ட் எங்கம்மா?" என்றாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து என் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னேன், "அதெல்லாம் முன்னாடி உக்கார்றவங்களுக்குத்தான்டி. பேசாம உக்காரு." அவள் பேசாமல் உட்கார்ந்தாள். பதினாலு வயது. நாற்பது நிமிடம் கழித்து எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பறந்து வந்து டாஷ்போர்டில் நீ வட்டம் போட்ட அந்த சிடி பிளேயர்மீது முகம் மோதினாள். அப்பாவுக்கு விரலில் ஒரு கீறல். எனக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட் பதிந்த ஒரு நீலக் கோடு. பத்து நாளில் அது மறைந்துவிட்டது. அவள் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிகிறது.

கார் ரிப்பேருக்குப் போகுமுன் பொருள்களை எடுக்க நான் மட்டும் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். காய் நறுக்கும் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பின் சீட் கவரை நடுவில் கிழித்தேன். அடியில் இரண்டு பெல்ட்டும் மடித்தபடி இருந்தன. பக்கிளின் மேல் கம்பெனியில் சுற்றிய பாலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பட்டை அசையாமல் இருந்தது. அதன்மேல் பச்சைப் புள்ளி. என் புள்ளியோ மஞ்சுளாவின் புள்ளியோ தெரியாது, எங்கள் மேசையின் பச்சை. நல்ல பட்டை. அதில் ஒரு குறையும் இல்லை. கிழித்த கவரைச் சுருட்டி ஒர்க் ஷாப் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில், ரத்தக்கறை பட்டிருந்தது, அதனால் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னேன்.

"அந்த கார் மேல ஒரு கம்ப்ளைன்ட் கிடையாதும்மா, ரெக்கார்டு க்ளீன்" என்று நீ அடிக்கடி சொல்வாய். அந்த ரெக்கார்டை யார் எழுதுவது என்று எப்போதாவது நினைத்தாயா? வித்யாவின் விபத்தை எடுத்துக்கொள். ஸ்டேஷனில் லாரி திடீரென நின்றது என்று எழுதினார்கள். இன்சூரன்ஸ் ஆள் பம்பர், பானெட், முன் விளக்கு என்று எழுதினார். ஒர்க் ஷாப்பில் பெயின்ட் வேலை என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் தாடை, கண் என்று எழுதினார்கள். பின் சீட்டில் பெல்ட் இருந்தது, அது கவருக்கு அடியில் இருந்தது என்று யாரும் எழுதவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி, நான் வாயைத் திறக்கவில்லை. உன் காரின் ரெக்கார்டு அப்படித்தான் க்ளீனாக இருக்கிறது. என்னைப் போல எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ, அத்தனை சுத்தம்.

அப்பாவை நினைத்துப் பார். அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கார் உன் கைக்கு வந்தது, அவர் மறுபடி மூக்கண்டப்பள்ளியிலிருந்து சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறார். உடம்புக்கு நல்லது என்கிறார். நீயும் நம்பினாய். ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு, சாயங்கால வெயிலில் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தையல்காரர் கேட்டது, நான் சொன்னது, வித்யா கேட்டது, நான் சொன்னது. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "மூணு வருசமா நான் அந்தப் பிரேக்கையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். இன்னும் கொஞ்சம் முன்னாடி அமுக்கியிருந்தா, இன்னும் கொஞ்சம் முன்னாடின்னு. பக்கத்துலதான படுத்துக் கெடந்த. ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நேற்று முழுதும் என்னோடு பேசவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் மறக்காமல் எடுத்துப் போனார்.

வித்யாவிடம் சொல்ல உட்கார்ந்தபோது அவள் என்னைப் பேசவே விடவில்லை. "எனக்குத் தெரியும்மா. நான்தான கேட்டேன், பெல்ட் எங்கன்னு. நீ என்ன சொன்னன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "ஏன்டி இத்தன நாள் சொல்லல?" என்றேன். "நீ சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மூன்று வருடமாக அந்தப் பெண் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருப்பது என்று உனக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அதற்காக உன் பங்கு குறைந்துவிடாது. நான் யோசிக்காமல் செய்தேன். நீ யோசித்துச் செய்கிறாய். உன் தங்கையின் முகத்தைத் தினமும் பார்த்தவன் நீ. யார்டில் நிற்கும் காரில் என்ன இருக்கிறது, புதுக் காரில் என்ன இல்லை என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு, ஒரு தாய் குழந்தைகளுக்குப் பெல்ட் இருக்கிறதா என்று வாய் திறந்து கேட்ட பிறகு, இருக்கிறது ஆனால் அடியில் போட்டுத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அதுவும் இலவசமாக. உனக்குக் கீழே வந்திருக்கும் நாலு பேருக்கும் இதைத்தான் கற்றுக்கொடுப்பாய். அவர்கள் ஆளுக்கு நூறு பேரிடம் சொல்வார்கள். "டார்கெட் இருக்கும்மா, உனக்குப் புரியாது" என்பாய். இருபது வருடமாக டார்கெட்டில்தான் என் மேசையும் ஓடுகிறது. லைன் நிற்கட்டும் என்று சொல்லிப் பார், ஒன்றும் இடிந்து விழாது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சுளா இப்போது பாரூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள், மாமனாருக்குத் திதி. வியாழக்கிழமை சாயங்காலம் வருகிறாள். நேற்று அவளுக்குப் போன் செய்தேன். எடுத்து, "அக்கா, கார் வர்றதுக்கு முந்தியே பொறாமயா?" என்று சிரித்தாள். பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது. சும்மா கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டுமென்றால் பாகலூர் ரோட்டிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது நாள் பஸ் ஏறி வந்து என் கையைப் பிடித்து, "லாரிக்காரன் நாசமாப் போவான் அக்கா" என்று என்னோடு சேர்ந்து அழுதவளிடம், லாரிக்காரன் மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் ஸ்டாண்டில் நிற்பேன். அதற்குமுன் அவளிடம் நீ பேசிவிட வேண்டும். யார்டில் ஒரு கார் நிற்கிறது, அதில் என்ன இருக்கிறது, நான் ஏன் உங்களிடம் மறைத்தேன் என்று நீயே சொல்ல வேண்டும். நான் என்னுடையதைச் சொல்கிறேன், நீ உன்னுடையதைச் சொல். எந்தக் கார் வேண்டும் என்று பிறகு அவள் முடிவு செய்துகொள்ளட்டும். முகம் பழசானாலும் பரவாயில்லை என்பாளோ, புது விளக்குதான் வேண்டும் என்பாளோ, அது அவள் பாடு. ஆனால் எந்தக் காராக இருந்தாலும் பின் சீட் கவரில் பெல்ட் வரும் இடத்திலெல்லாம் வெட்டித் தைத்திருக்க வேண்டும். தையல் அசிங்கமாகத் தெரியட்டும்.

வெள்ளிக்கிழமை காலை டெலிவரிக்கு நான் அரை நாள் லீவு போட்டு வருகிறேன். எலுமிச்சம்பழம், சூடம், மாலை எல்லாம் அவள் கொண்டுவருவாள். ரிப்பன் கட்டி, பெரிய சாவி அட்டையைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பீர்கள். அன்று நான் உன் அம்மாவாக வரவில்லை, அவள் பக்கத்து ஸ்டூல்காரியாக வருகிறேன். வித்யாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் கேட்கவில்லை. ஆனால் இன்று காலை என் பையில் ஒரு பொருள் புதிதாக இருந்தது, அவருடைய கத்தரிக்கோல். வேலை செய்யும் இடத்தில், டூல் ரூமில் ரெக்ஸின் வெட்டுவதற்கு அவர் வைத்திருப்பது, யாருக்கும் இரவல் தராதது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அதோடு மேசையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

படம் எடுப்பதற்கு முன்னால் நான் பின் கதவைத் திறந்து ஏறி உட்காருவேன். வித்யா கேட்டதைத்தான் நானும் கேட்பேன், பெல்ட் எங்கே என்று. நீ பதில் சொல்ல வேண்டாம். நான் கையை விட்டுத் துழாவுவேன். பக்கிள் கைக்குத் தட்டுப்பட்டால் இறங்கிவந்து உன் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிக்கிறேன். தட்டுப்படவில்லை என்றால் அந்தப் புதுக் காரின் ஸ்டியரிங்கில், உன் மேனேஜர், உன் நாலு பேர், மஞ்சுளாவின் குழந்தைகள் எல்லோரும் பார்க்க, சிவப்பு அட்டையைக் கட்டுவேன். அதை என்னைத் தவிர யாரும் கழற்றக் கூடாது.

உன் அம்மா